சுகம் பெற்ற பிள்ளைகளுக்கு ஆகாரம் கொடுங்கள்

(ஸ்ரீவைகுண்டத்தில் நடந்த மருத்துவமனை ஊழிய ஆதரவாளர் கூடுகையில் எங்கள் சாப்ளின் ஐயர் அளித்த செய்தி)



 ஏரல், ஆழ்வார்திருநகரி, சாயர்புரம், நாசரேத், பேய்க்குளம் என்று பல பக்கங்களிலிருந்தும் காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். எத்தனை ஆபரேஷன், எத்தனை பிரசவம், எத்தனை ஏழைகளுக்கு இலவச மருந்து என்று வருஷந்தோறும் இந்தக் கூடுகையில் கணக்கு ஒப்புவிப்பது வழக்கம். அந்தக் கணக்கைப் பொருளாளர் அச்சிட்டு உங்கள் கையில் கொடுத்துவிட்டார். எங்களுக்குக் கொடுத்திருக்கிற நேரத்தில், அந்தக் கணக்கில் ஏறாத சிலரைப் பற்றிப் பேச விரும்புகிறோம். புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து, "இனி ஒன்றுமில்லை, தைரியமாய்ப் போய் வா" என்று டாக்டர்கள் அனுப்பிவைத்த வாலிபப் பிள்ளைகள் அவர்கள். 15 வயது முதல் 25 வயது வரை உள்ளவர்கள். சரீரத்தில் வியாதி இல்லை. ஆனால் மனதில் படுகிற பாடு அதிகம். அது ஸ்கேனில் தெரிகிறதில்லை.

மாற்கு எழுதின சுவிசேஷம் 5-ம் அதிகாரத்தில் யவீருவின் மகளைப் பற்றி வாசிக்கிறோம். ஞாயிறு பள்ளியிலேயே நாம் படித்த சம்பவம். அவளுக்கு வயது 12 என்று மாற்கு குறித்துவைத்திருக்கிறார். அழுது புலம்பிக்கொண்டிருந்த கூட்டத்தை ஆண்டவர் முதலில் வெளியே அனுப்பிவிடுகிறார். தாய் தகப்பனையும் மூன்று சீஷரையும் மாத்திரம் உள்ளே கூட்டிக்கொண்டு போகிறார். பிள்ளை எழுந்து நடக்கிறாள். அதற்குப் பின்பு அவர் சொன்ன இரண்டு காரியங்களைப் பிரசங்கங்களில் நாம் அதிகமாய்க் கேட்பதில்லை. நடந்ததை ஒருவரும் அறியக் கூடாது என்று கண்டிப்பாய்ச் சொன்னார். பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்றும் சொன்னார். பெற்றோர் பிரமித்து நின்ற அந்த நேரத்தில் பிள்ளைக்குப் பசிக்கும் என்ற நினைவு அவருக்கு இருந்திருக்கிறது. நாளைக்கு அவள் தண்ணீர் எடுக்கப் போகும்போது ஊரெல்லாம் விரல் நீட்டிக் காட்டும் என்பதையும் அவர் அறிந்திருந்தார் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

இந்தத் தென்கோடியில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கும் பழைய உறவு உண்டு. லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838-ம் ஆண்டில் நெய்யூரில் மருத்துவ ஊழியத்தைத் தொடங்கினார். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் சிகரம் ஏறப்போன குழுக்களில் இருந்த டாக்டர் சாமர்வெல் பல வருஷம் பாடுபட்டது அந்த நெய்யூரில்தான். வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933-ம் ஆண்டில் லண்டன் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதிய ஐ. எம். ஓர் என்பவரும் அதே ஆஸ்பத்திரியின் டாக்டர். பிற்பாடு, தன் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ம் ஆண்டில் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரி எழும்பியது.

அந்நாட்களில் இரத்தப்புற்று வந்த பிள்ளை பெரும்பாலும் சில மாதங்களுக்குள் மரித்துப்போகும். பிழைத்த பிள்ளையின் மனநிலை எப்படி என்று கேட்பதற்கே இடமில்லை. இன்றைக்கு வசதி மிகுந்த நாடுகளில், புற்றுநோய் வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் தேசம் அந்த அளவை இன்னும் எட்டவில்லை. ஆனாலும் நம் ஊர்களில் பிழைத்தவர்கள் வருஷாவருஷம் கூடிக்கொண்டே வருகிறார்கள். ஆகவே இன்று நாங்கள் பேசுகிற கஷ்டம், ஜெபம் கேட்கப்பட்டதினால் வந்த கஷ்டம். அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

எங்கள் மருத்துவமனையில் கீமோ கிடையாது. கரண்டு வைக்கிற இயந்திரமும் கிடையாது. நம் பக்கத்துப் பிள்ளைகள் திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்கும், வேலூருக்கும், அடையாற்றுக்கும், நெய்யூருக்கும் போகிறார்கள். திரும்பி வந்தபின் காய்ச்சல் என்றாலும், இரத்தம் பரிசோதிக்க வேண்டுமென்றாலும் எங்களிடம் வருகிறார்கள். அதனால் பெரிய ஆஸ்பத்திரிகளின் கண்ணில் படாத ஒரு காலத்தை நாங்கள் பார்க்கிறோம். சிகிச்சை முடிந்து வீடு சேர்ந்த பின் வருகிற ஆறு மாதம், ஒரு வருஷம், சிலருக்கு ஐந்து வருஷம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட சென்னை ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. புதுக்குடி ஜனங்கள் தங்கள் வீட்டு அரிசியைப் பொங்கிப்போட்டுக் காப்பாற்றினார்கள். ஹெலிகாப்டர் வந்தது, பத்திரிகைக்காரர் வந்தார்கள், ரயில் பயணிகள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அதன் பிறகு என்ன நடந்தது? வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு. ஆதார் அட்டை முதல் பிள்ளைகளின் சர்ட்டிபிகேட் வரை ஊறிக் கிடந்தன. வாழை அழுகிப்போயிற்று. அதை அள்ளிப்போட மாதக்கணக்கு ஆயிற்று, அப்போது ஹெலிகாப்டர் வரவில்லை. மழை கறுத்தாலே பதறுகிற பிள்ளைகள் இன்றைக்கும் நம் தெருக்களில் உண்டு. புற்றுநோய் வந்துபோன வீடும் அப்படித்தான் இருக்கிறது.

இனி சொல்லுகிற சம்பவங்களில் ஆள் அடையாளம் தெரியாதபடி ஊரையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறோம். தேடிப் பார்க்க வேண்டாம்.

ஒரு பையனுக்கு 17 வயதில் முழங்காலுக்கு மேலே எலும்பில் புற்று. கீமோ கொடுத்து, காலை எடுத்து, மறுபடி கீமோ கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்துச் செயற்கைக் காலோடு ஊர் திரும்பினான். சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை. சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். பத்து நிமிஷம் நன்றாகவே பேசினான். தாய்மார் அழுதார்கள். சால்வை போர்த்தினார்கள். அடுத்த வாரம் பக்கத்துச் சேகரத்தில் வாலிபர் கூடுகை, அதற்கடுத்து ஒரு கன்வென்ஷன். இரண்டு மாதத்தில் ஐந்து மேடை. ஒரு மேடையில் பேன்ட்டைத் தூக்கிச் செயற்கைக் காலைக் காட்டச் சொன்னார்கள். காட்டினான்.

அதன்பின் அவன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அம்மாதான் எங்களிடம் கூட்டிக்கொண்டு வந்தார்கள். "ஐயரே, ராத்திரி பூரா முழிச்சிருக்கான். பகல்ல எழும்ப மாட்டேங்கான். கர்த்தர் உயிர்ப்பிச்சை குடுத்தும் இவனுக்கு நன்றியில்ல" என்றார்கள். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனோடு இருந்தோம். அரை மணி நேரம் ஒரு வார்த்தை இல்லை. பிறகு சொன்னான்: "ஐயா, எனக்குச் சாகணும்னு இல்ல. ஆனா காலையில எழும்பணும்னும் இல்ல. மேடையில சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனா எனக்குச் சந்தோஷமே வரலைன்னு அங்க சொல்ல முடியுமா?"

சபையோரே, அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்கத்தான் இன்று எழுந்து நிற்கிறோம். சந்தோஷம் வராத ஒரு பிள்ளை அதைச் சொல்லுவதற்கு நம் கோயிலில் இடம் உண்டா? வலியைச் சொன்னால் ஜெபிக்கிறோம். சுகத்தைச் சொன்னால் கைதட்டுகிறோம். சுகம் கிடைத்தும் மனம் ஆறவில்லை என்றால், விசுவாசம் போதாது என்கிறோம். வாயால் சொல்லாவிட்டாலும் முகத்தில் காட்டுகிறோம். பிள்ளைகள் முகத்தைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள்.

எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில் ஜெயித்த கையோடுதான் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்டார். போராட்டம் நடக்கும்போது மனிதன் தாங்கிக்கொள்கிறான், முடிந்த பிறகுதான் விழுகிறான். புற்றுநோய் டாக்டர்களும் இதையே சொல்கிறார்கள். சிகிச்சை நடக்கும் வரை தேதி இருக்கிறது, ஊசி இருக்கிறது, நர்ஸம்மா இருக்கிறார்கள், சுற்றிலும் தன்னைப்போல மொட்டைத் தலையோடு பத்துப் பேர் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் ஒன்றுமில்லை. கூடப் படித்தவர்கள் காலேஜுக்குப் போய்விட்டார்கள். இவன் பிளஸ் டூ முடிக்கவில்லை. அந்த எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை என்பதையும் கவனியுங்கள். சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான். மறுபடியும் எழுப்பி மறுபடியும் சாப்பிடக் கொடுத்தான். இங்கேயும் சாப்பாடுதான்.

அந்தப் பையனுக்கு முதலில் எங்கள் டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். பின்பு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினோம். மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார்கள். "பைத்தியக்கார மாத்திரையா?" என்று அம்மா பயந்தார்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிற நாம் இதற்குமட்டும் ஏன் கூச்சப்படுகிறோம் என்று எங்களுக்கு விளங்கவில்லை. இந்த மாத்திரைகள் போட்ட மறுநாளே வேலை செய்யாது, இரண்டு முதல் நான்கு வாரம் வரை ஆகும். அதற்குள் நிறுத்திவிடுகிறவர்களே அதிகம். அவன் நிறுத்தவில்லை. இப்போது தனித்தேர்வராகப் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருகிறான், ஆனால் உள்ளே வருவதில்லை. வேப்பமரத்தடியில் பைக்கில் உட்கார்ந்திருப்பான். உள்ளே வா என்று நாங்கள் கூப்பிடுவதும் இல்லை.

எல்லாச் சோர்வும் மனதிலிருந்து வருகிறதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரத்தப்புற்றுக்குக் கொடுக்கிற ஸ்டீராய்டு மருந்துகள் முகத்தை வீங்க வைக்கும், பசியைக் கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும். நேற்றுவரை சாந்தமாயிருந்த பிள்ளை தட்டைத் தூக்கி எறியும். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரித்த வீட்டையும், உபவாசம் போட்ட வீட்டையும் கண்டிருக்கிறோம். அது மருந்தின் வேலை. கழுத்துப் பக்கம் கரண்டு வைத்தவர்களுக்குச் சில வருஷம் கழித்துத் தைராய்டு குறையலாம். அதுவும் சோர்வாகவும் துக்கமாகவும்தான் வெளியே தெரியும். ஆலோசனைக்கு வருகிற பிள்ளையிடம் முதலில் தைராய்டு டெஸ்ட் எடுத்துவிட்டு வா என்று ஒரு சாப்ளின் சொல்லுவது வேடிக்கையாயிருக்கலாம். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இன்னொன்று, செக்கப் பயம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பின்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. போகிறதற்கு ஒரு வாரம் முன்பே வயிறு கலங்கிவிடும். சாதாரணத் தலைவலி வந்தால்கூடத் திரும்ப வந்துவிட்டதோ என்ற எண்ணம். "எல்லாம் நல்லாயிருக்கும், விசுவாசி" என்று சொல்லி அந்தப் பேச்சை அடைத்துவிடாதீர்கள். பயமாயிருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அன்றைக்குக் கூடவே பஸ்ஸில் போய் வாருங்கள்.

இப்போது ஒரு பெண்பிள்ளையைப் பற்றி. 14 வயதில் இரத்தப்புற்று. அந்தச் சிகிச்சை இரண்டு மூன்று வருஷம் இழுக்கும். "ரத்தம் கம்மியா இருக்கு" என்றே வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். 16 வயதில் ஒருநாள் ஓபியில் காத்திருக்கும்போது தன் பைலைத் தானே வாசித்தாள். வியாதியின் பேரைப் பார்த்ததைவிட, அம்மா அப்பா இரண்டு வருஷம் தன்னிடம் பொய் சொன்னார்கள் என்பதே அவளைக் குத்தியது. அவர்கள் அன்பினால்தான் மறைத்தார்கள். ஆனால் மறைத்தபடியால், இது வெளியே சொல்லக்கூடாத கேவலம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

இன்று அவளுக்கு 22. டிகிரி முடித்துவிட்டாள். வரன் பார்க்கிறார்கள். சொல்ல வேண்டாம் என்கிறார் தாய், சொல்லாமல் கழுத்தை நீட்ட மாட்டேன் என்கிறாள் மகள். இரண்டு இடம் கேள்விப்பட்டதும் விலகிப்போயின. மூன்றாவது இடத்தில், "பெரியவளுக்கு வந்தது சின்னவளுக்கும் வருமா?" என்று கேட்டு, தங்கைக்கும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அன்று இரவு அவள் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். எதற்கு மன்னிப்பு? அவள் என்ன செய்தாள்?

இந்தக் கூட்டத்தில் வரன் பார்க்கிற பெற்றோர் இருக்கிறீர்கள், சம்பந்தம் பேசி முடிக்கிற பெரியவர்களும் இருக்கிறீர்கள். ஆகையால் விவரமாய்ச் சொல்லுகிறோம். புற்றுநோய் தொட்டால் ஒட்டுகிற வியாதி அல்ல. பிள்ளைப் பருவத்தில் வருகிறவற்றில் பெரும்பாலானவை பரம்பரையாய் வருகிறவையும் அல்ல. கீமோ எடுத்தவளுக்குப் பிள்ளை பிறக்காது என்று ஊர் தீர்மானித்துவிடுகிறது. எந்த மருந்து, எவ்வளவு, எந்த இடத்தில் கரண்டு வைத்தார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். சிகிச்சை கொடுத்த டாக்டரிடம் கேட்டால் சொல்லுவார். பிழைத்து, கலியாணம் முடித்து, சுகமுள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் அநேகர் உண்டு. எங்கள் அபிப்பிராயத்தைக் கேட்டால், மறைத்துக் கலியாணம் செய்யக் கூடாது என்போம். ஆனால் யாரிடம், எப்போது சொல்லுவது என்பதை அந்தப் பிள்ளைதான் தீர்மானிக்க வேண்டும். அத்தையும் சித்தியும் பக்கத்து வீட்டு அக்காவும் அல்ல. "நல்ல இடம்தான், ஆனா அந்தப் பொண்ணுக்கு..." என்று இழுக்கிற பேச்சு எத்தனை கலியாண வீடுகளைத் தாண்டிப் போகிறது தெரியுமா?

வேறு சில துக்கங்கள் சொல்லச் சிறியவை, சுமக்கப் பெரியவை. பக்கத்துப் படுக்கைச் சிநேகிதன் இறந்துபோன பிறகும் அவன் நம்பரைப் போனிலிருந்து அழிக்காமல் வைத்திருக்கிறான் ஒரு பையன். அவன் போய்விட்டான், தான் ஏன் இருக்கிறோம் என்பது அவன் கேள்வி. தன் சிகிச்சைக்காக அப்பா விற்ற வயலில் இன்று வேறு ஒருவர் வாழை போட்டிருக்கிறார் என்பதால், அந்த வழியாய்ப் போகிற பஸ்ஸில் ஏறாமல் சுற்றுவழியில் போகிறான் இன்னொருவன்.

ஒரு பிள்ளையை நாங்கள் இழந்துபோனோம். நோயினால் அல்ல. நோய் அவனைவிட்டுப் போய் ஒரு வருஷமாகியிருந்தது. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். எந்தச் சபை என்று சொல்ல மாட்டோம். சடலத்தைக் கோயிலுக்குள் கொண்டுவரலாமா கூடாதா என்று பெரியவர்கள் கூடி மூன்று மணி நேரம் பேசினார்கள். அவ்வளவு நேரமும் தகப்பன் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் வீட்டு முற்றத்தில் ஜெபம் பண்ணிக் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப்போனோம். போகிற வழியில் தகப்பன் கேட்டார்: "கேன்சர்ல போயிருந்தா கோயிலுக்குள்ள வச்சிருப்பாகள்ல, ஐயரே?"

நாங்கள் பதில் சொல்லவில்லை. உங்களிடம் ஒன்று கேட்கிறோம். அதே சபைதான் அவன் சிகிச்சைக்குக் காணிக்கை எடுத்தது, இரவு ஜெபம் வைத்தது. நோய் சரீரத்தில் இருந்தபோது அவனுக்கு இருந்த இடம், அது மனதில் இருந்தபோது ஏன் இல்லாமல் போயிற்று?

இது அபூர்வமான காரியம் என்று எண்ண வேண்டாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் கணியம்பாடி வட்டாரத்தில் வீடு வீடாய்ப் பத்து வருஷம் மரணக் கணக்கு எடுத்து, 2004-ம் ஆண்டில் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் வருஷத்துக்கு லட்சத்துக்கு 148 பெண்பிள்ளைகள், 58 ஆண்பிள்ளைகள் தற்கொலையால் மரித்தார்கள் என்று கண்டார்கள். அது எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்த கணக்கு. புற்றுநோய் வந்த வாலிபருக்கு, முக்கியமாய் நோய் தெரியவந்த முதல் வருஷத்தில், இந்த ஆபத்து கூடுகிறது என்று சுவீடன் தேசத்தில் 2013-ம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பிழைத்தவர்களில் பெரும்பாலோர் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், சண்டை போடுகிறார்கள், நன்றாகவே இருக்கிறார்கள். தவிக்கிறவர்கள் ஒரு பங்கினர்தான். அந்த ஒரு பங்கினர் யார் என்பது கேட்டால்தான் தெரியும்.

நேராய்க் கேளுங்கள். சாகணும் என்று தோன்றுகிறதா என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கொடுத்ததாகிவிடும் என்று பயப்படுகிறோம். அப்படி ஆகாது. கேட்டதும் பாரம் குறைந்து அழுகிறவர்களைத்தான் கண்டிருக்கிறோம். வயலுக்கு அடிக்கிற மருந்தை வீட்டில் வைக்காதீர்கள். வைத்தே ஆகவேண்டுமானால் பூட்டி, சாவியை உங்கள் மடியில் வையுங்கள். முயற்சி செய்து பிழைத்தவர்களைப் போலீஸ் பயத்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவராமல் வைத்துக்கொள்ளுகிற வீடுகள் இன்னும் உண்டு. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம், அப்படிப்பட்டவரைத் தண்டிக்காமல் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்றே சொல்கிறது. ராத்திரி எந்நேரமும் தமிழில் பேச 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் கிடையாது. 104-ஐயும் கூப்பிடலாம். இந்த இரண்டு எண்களையும் கோயில் அறிவிப்புப் பலகையில் எழுதிப்போடும்படி உபதேசியார்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். நம் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் தவறாமல் சொல்லுகிற பேர் ஒன்று உண்டு, யுவராஜ் சிங். 2011 உலகக் கோப்பையின் தொடர் நாயகன், 2012-ல் அமெரிக்காவில் கீமோ எடுத்துக்கொண்டவர், அதே வருஷம் செப்டம்பரில் சேப்பாக்கத்தில் மறுபடி ஆட வந்தார். நல்ல காரியம், நாங்களும் டிவியில் பார்த்து மகிழ்ந்தோம். கனடா தேசத்தில் டெர்ரி பாக்ஸ் என்ற வாலிபன் 1980-ல் ஒற்றைச் செயற்கைக் காலோடு 143 நாள் ஓடினான். வியாதி நுரையீரலுக்கு வந்து நிறுத்தும்படி ஆயிற்று, மறுவருஷம் 22 வயதில் இறந்தான். இவர்கள் பெரிய மனிதர்கள்தான். ஆனால் பஸ் ஏறி டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போய்வர முடிந்தாலே ஜெயம் என்றிருக்கிற ஒரு பிள்ளையிடம், "யுவராஜ் மாதிரி வரணும்" என்று சொல்லி எழும்பி வந்துவிடுகிறோம். நாம் போனபிறகு அது சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறது.

மற்ற இடங்களில் இதற்கு வழி செய்திருக்கிறார்கள். லண்டனில் 1990-ம் ஆண்டிலேயே பதின்வயதுப் புற்றுநோயாளிகளுக்கென்று தனி வார்டு திறந்தார்கள். பம்பாய் டாடா ஆஸ்பத்திரி 1991-ம் ஆண்டில், சிகிச்சை முடிந்த பிள்ளைகளுக்கு மாத்திரம் என்று ஒரு கிளினிக் தொடங்கியது. அந்நகரில் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஆதரவில் பிழைத்த வாலிபரே 2009-ம் ஆண்டில் 'உகம்' என்ற குழுவை அமைத்தார்கள். புதிதாய் நோய் வந்த பிள்ளையிடம் பழைய பிள்ளை போய்ப் பேசுவது அவர்கள் வழக்கம். அடையாற்றில் புற்றுநோயாளரின் மனநலத்துக்கென்று தனித் துறையே உண்டு. ஆனால் அடையாறு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒரு ராத்திரிப் பயணம். மனக்கஷ்டத்துக்கு அவ்வளவு தூரம் போகிறவர்கள் இல்லை.

எங்களிடம் இருப்பது சிறியது. மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை மத்தியானம் மருத்துவமனைப் பின்வராந்தாவில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறார்கள். கேரம் போர்டு ஒன்று, சுக்குக்காப்பி, சுண்டல். இந்துப் பிள்ளைகளும் ஒரு முஸ்லிம் பிள்ளையும் வருகிறார்கள். சட்டம் அவர்களே போட்டுக்கொண்டார்கள். "இப்ப உடம்பு எப்படி" என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. ஜெபம் வேண்டியவர்கள் கேட்டால் ஜெபிக்கிறோம், கேட்காவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். சாட்சி கிடையாது. படம் எடுப்பதும் கிடையாது. எங்கள் மலரில் அவர்கள் புகைப்படம் ஏன் வருவதில்லை என்று கேட்டு எழுதியவர்களுக்கு இதுதான் பதில். நீங்கள் கொடுக்கிற காணிக்கைக்கு அத்தாட்சியாக அவர்கள் முகத்தைத் தர எங்களுக்கு மனமில்லை. சாட்சி சொல்லவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. தானாய்ச் சொல்ல வருகிற நாளில் தடுக்க மாட்டோம். அது அவர்கள் நாள்.

தேவை என்னவென்றால், இப்போது வாரத்தில் ஒரு நாள் வருகிற ஆலோசகர் அம்மா மூன்று நாள் வரவேண்டும். அவர்களுக்கு ஒழுங்காய்ச் சம்பளம் கொடுக்கவேண்டும். செக்கப்புக்குத் திருவனந்தபுரம் போய்வரப் பிள்ளைக்கும் துணைக்கு ஒருவருக்கும் வண்டிச் செலவு வேண்டும். பணமில்லாமல் செக்கப்பை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். விட்டுப்போன பரீட்சைக்குப் பணம் கட்டி, கணக்கும் இங்கிலீசும் சொல்லிக்கொடுக்க ரிட்டயரான ஆசிரியர்கள் இரண்டு பேர் கிடைத்தால் நல்லது. இங்கே நாசரேத்துக்காரர் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஆசிரியருக்குப் பஞ்சமிராது. காணிக்கை உறையின்மேல் "வாலிபர் பின்கவனிப்பு" என்று எழுதிக்கொடுத்தால் அந்தப் பணம் வேறு செலவுக்குப் போகாது.

சமையல் ஆகிவிட்டது என்று மண்டபத்திலிருந்து சைகை காட்டுகிறார்கள். இன்றைக்குப் பந்தியில் பரிமாறுகிற வாலிபரில் எங்கள் இரண்டாம் சனிக்கிழமைப் பிள்ளைகளும் சிலர் இருக்கிறார்கள். யாரென்று தேடாதீர்கள். சாம்பார் வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஜெபிப்போம்.